6 கி.மீ. கட்டத்துக்குள் எங்கள் ஊர் தெரியுமா?

வடகிழக்குப் பருவமழை தொடங்க இன்னும் சில நாட்கள்தான். அதற்குள் விதைப்பு, உரம், அறுவடை என்று ஆயிரம் முடிவுகள் எடுக்க வேண்டும். "ஊராட்சி வரைக்கும் மழை சொல்லும் கணினி மாதிரி வந்துவிட்டதாமே, எங்கள் ஊருக்கு எங்கே பார்ப்பது?" என்று கேட்டு வரும் கடிதங்கள் கூடிக்கொண்டே போகின்றன.

அவர்கள் சொல்வது 'பாரத் முன்கணிப்பு அமைப்பு'. புணே வெப்பமண்டல வானிலை ஆய்வு நிறுவனம் உருவாக்கியது; 2025 மே 26-ல் நடைமுறைக்கு வந்தது. கணக்கிடுவதற்காக நிலப்பரப்பைப் பிரிக்கும் கட்டத்தின் பக்கம் 12 கி.மீ.யாக இருந்தது, இப்போது 6 கி.மீ. ஆகியிருக்கிறது. இது பெரிய உழைப்பு. ஆனால் 'ஊராட்சி அளவில்' என்று அரசு சொல்வதை அப்படியே ஏற்க முடியவில்லை.

6 கி.மீ. கட்டம் என்றால் 36 சதுர கி.மீ.க்கு ஒரே மழையளவு. தமிழ்நாட்டின் பரப்பைச் சுமார் 12,500 ஊராட்சிகளுக்குப் பங்கிட்டால் தலைக்கு 10 சதுர கி.மீ.தான் வரும். சிக்கல் அதோடு முடியவில்லை. மழைமேகத்தின் நடுவில் காற்று மேலேறும், ஓரங்களில் கீழிறங்கும். இரண்டையும் ஒரே கட்டத்தில் எழுத முடியாது. தனித்தனிக் கட்டங்களில் எழுதினாலோ, பக்கத்துப் பக்கத்துக் கட்டங்களில் எண்கள் சட்டென்று தாவினால் கணக்கே நிலைகுலையும். அதனால் மாதிரியே அந்தத் தாவல்களை மழுக்கிவிடுகிறது. ஆறேழு கட்ட அகலத்துக்கு விரிந்த மழைதான் அதில் ஓரளவு சரியான உருவத்தோடு நிற்கும். அதாவது சுமார் 40 கி.மீ. அகலம். வானிலைத் துறை ஓட்டும் 3 கி.மீ. வட்டார மாதிரிக்கு இந்த அகலம் ஏறக்குறைய 20 கி.மீ. ஆகும். வரைபடத்தில் காணும் நுணுக்கம் முழுவதும் கணக்கில் இல்லை.

2023 டிசம்பர் 18 காலையோடு முடிந்த 24 மணி நேரத்தில் காயல்பட்டினத்தில் 95 செ.மீ. மழை கொட்டியது, அடுத்திருக்கும் திருச்செந்தூரில் 69 செ.மீ. இடையில் ஓரிரு கட்டத் தூரம்தான். அந்த 26 செ.மீ. வித்தியாசத்தை முன்கூட்டியே ஊர்ப் பெயர் போட்டுச் சொல்வதாக எந்த மாதிரியும் உறுதி தர முடியாது.

கட்டத்தை இன்னும் சிறிதாக்கினால்? பாதியாக்கினாலே கணினி வேலை சுமார் 8 மடங்காகும்.

பெரிய கணினி வாங்கினால் போதுமா? போதாது. வங்கக் கடல் மேல் அளவீடுகள் குறைவு. அவற்றை வைத்துப் போடும் கணக்கின் தொடக்க நிலை பிசகினால் முடிவும் பிசகும்.

செல்போன் செயலிகள் காட்டுவது பாரத் அமைப்பின் கணிப்பையா? பல செயலிகள் அமெரிக்க, ஐரோப்பிய மாதிரிகளை எடுத்துக் கொடுப்பவை.

களத்தில் நெல் காய்கிறது, எதைப் பார்ப்பது? நாளைக்கு என்றால் மாவட்ட எச்சரிக்கை. அடுத்த இரண்டு மணி நேரத்துக்கு என்றால் ரேடார் படம்.