ஹேண்டில்பார் டேப்: சுத்துறதுக்கு முன்னாடி உள்ள ஒரு தடவை பாருங்க

இன்னைக்கு ரோடு பைக்ல நம்ம கை எப்பவும் படுற இடத்தைப் பத்திப் பேசுவோம். ஹேண்டில்பார் டேப் கிழிஞ்சாலோ நாறினாலோதான் நம்மள்ல பல பேர் மாத்துவோம். ஆனா சென்னை மாதிரி வியர்வை கொட்டுற ஊர்ல, அது நல்லா இருக்கும்போதே உரிச்சுப் பார்க்க ஒரு காரணம் இருக்கு.

டேப்புக்கு அடியில என்ன நடக்குது?

வியர்வையில உப்பு இருக்கு. டேப் அந்த ஈரத்தை அலுமினிய பார் மேலயே பிடிச்சு வெச்சிருக்கும். மாசக்கணக்கா இப்படியே இருந்தா உலோகம் அரிக்க ஆரம்பிக்கும். வெளியில டேப் புதுசு மாதிரி தெரியும், உள்ள வெள்ளைப் பொடி பூத்திருக்கும். வீட்டுக்குள்ள டிரெய்னர்ல ஓட்டுறவங்களுக்கு இது இன்னும் சீக்கிரமா வரலாம், ஏன்னா வியர்வையைக் காய வைக்க எதிர்க்காத்து இல்ல.

மேலோட்டமான பொடின்னா துடைச்சுடலாம். குழி விழுந்திருந்தாலோ விரிசல் தெரிஞ்சாலோ பாரையே மாத்திடுங்க. வேகமா இறங்கும்போது பார் உடைஞ்சா, பிடிச்சுக்க வேற எதுவும் இல்ல.

எதை வாங்கலாம்?

கார்க் கலந்த டேப் மெத்துனு இருக்கும், விலையும் குறைவு, ஆனா சீக்கிரம் கிழியும். பாலியூரித்தேன் டேப் கை நனைஞ்சாலும் நல்ல பிடி கொடுக்கும், துடைச்சா சுத்தமாகும். சிலிகான் டேப்ல பெரும்பாலும் பசை இருக்காது, அதனால கழட்டி மறுபடியும் சுத்தலாம்.

தடிமன் பொதுவா 2 முதல் 3 மி.மீ. வரைக்கும் வரும். சின்னக் கைன்னா மெல்லிசு வசதி. மோதிர விரலும் சுண்டு விரலும் மரத்துப் போகுதுன்னா தடிமனானதைப் போட்டுப் பாருங்க. அப்பவும் மரத்தா, சீட்டும் பாரும் உங்க உடம்புக்கு ஏத்த மாதிரி இருக்கான்னு பார்க்கணும். டேப் மட்டும் அதைச் சரி பண்ணாது.

எப்படிச் சுத்துறது?

பழைய பசையை ஆல்கஹால் தொட்டுத் துடைச்சு, பாரைக் காய விடுங்க. கீழ் முனையில இருந்து ஆரம்பிச்சு மேல வாங்க. அப்பதான் கை முன்னாடி வழுக்கினாலும் டேப் விளிம்பு சுருட்டிக்காது.

டிராப்ஸ்ல, உங்க பக்கம் இருந்து பார்த்தா, வலது பக்கம் கடிகாரச் சுத்து, இடது பக்கம் அதுக்கு எதிர்ச் சுத்து. அழுத்தி மிதிக்கும்போது கை வெளிப்பக்கமா முறுக்கும். இந்தத் திசையில சுத்தியிருந்தா அந்த முறுக்கல் டேப்பை இறுக்கும், தளர்த்தாது.

ஒவ்வொரு சுத்தும் முந்தினது மேல மூணுல ஒரு பங்காவது ஏறணும். வளைவோட வெளிப்பக்கம்தான் இடைவெளி விடும், அங்க இன்னும் கொஞ்சம் ஏத்துங்க. லிவர் கிளாம்ப்பை மூட பாக்கெட்லயே சின்னத் துண்டு இருக்கும். கடைசியில டேப்பைச் சாய்வா வெட்டி, இன்சுலேஷன் டேப் ஒட்டுங்க.

முனையில பிளக் போடாம வண்டியை எடுக்காதீங்க. விழும்போது திறந்த குழாய் முனை உடம்பைக் கிழிச்சுடும்.

அடிக்கடி ஓட்டுறவங்க வருஷத்துக்கு ஒரு தடவையாவது டேப்பை உரிச்சுப் பாருங்க. அடுத்த எபிசோடுல சந்திப்போம்!