காது கேட்கிறது, பேச்சு புரியவில்லை, ஏன்?

பக்கத்து அறையில் பிஸ்கட் பாக்கெட் பிரிக்கும் சத்தம் கேட்கும். இரைச்சலான வகுப்பில் டீச்சர் சொன்னது மட்டும் பிடிபடாது. இப்படிச் சில குழந்தைகள் உண்டு. காதில் கோளாறு இல்லை. வந்து சேர்ந்த ஒலியிலிருந்து பேச்சைப் பிரித்தெடுக்க மூளை திணறுகிறது. அமைதியான அறையில் 'பீப்' கேட்டால் கைதூக்கும் வழக்கமான சோதனையில் இது அகப்படாமல் தப்பிவிடும்.

ஆஸ்திரேலியாவின் தேசிய ஒலியியல் ஆய்வகத்தோடு சேர்ந்து உருவான 'சவுண்ட் ஸ்கவுட்ஸ்' செயலி, குழந்தைகளின் கேட்கும் திறன் சோதனையை டேப்லெட் விளையாட்டாக்கியது. ஹெட்போனில் கேட்கும் சொல்லுக்கேற்ற படத்தைக் குழந்தை தொட வேண்டும். சரியாகத் தொட்டால் அடுத்த சொல் இன்னும் சன்னமாக வரும். தவறினால் சற்று உரக்க. இப்படி ஏறி இறங்கியே குழந்தையின் எல்லையைக் கண்டுபிடித்துவிடும்.

உண்மையான சாமர்த்தியம் வேறு இடத்தில். அமைதியில் பேச்சு, இரைச்சலில் பேச்சு, இரைச்சலில் வெறும் ஒலி என மூன்று சோதனைகள். அமைதியில் மட்டும் தடுமாறினால் நடுக்காதில் நீர் தேங்கியிருக்கலாம். இரைச்சலில் வெறும் ஒலியே பிடிபடாவிட்டால் உட்காதைப் பார்க்க வேண்டும். ஒலி பிடிபட்டும் பேச்சு நழுவினால் சந்தேகம் மூளைப் பக்கம் திரும்பும்.

சலித்துப்போன ஐந்து வயது வாண்டு எதையாவது தொட்டுவைக்கும்; கதையும் படமும் அந்தச் சலிப்பைத் தள்ளிப்போடத்தான். ஆட்டத்தின் முடிவு சந்தேகம் மட்டுமே. உறுதிசெய்ய ஆடியாலஜிஸ்ட் (செவித்திறன் வல்லுநர்) வேண்டும்.