27 வளைவு தாண்டி ஒரு பள்ளிக்கூடம்

என் பெரியவளுக்குத் தாளவாடி மலையில் ஆசிரியை வேலை கிடைத்ததும் எனக்குச் சோறு இறங்கவில்லை. முதல் தடவை துணைக்கு நானும் கிளம்பினேன். காந்திபுரத்தில் பஸ் ஏறி, சத்தியமங்கலத்தில் மாறினோம். பண்ணாரியம்மனைக் கும்பிட்ட கையோடு திம்பம் மலைப்பாதை. மொத்தம் 27 கொண்டை ஊசி வளைவுகள். எட்டாவதிலேயே எனக்குக் குமட்டல். காலையில் வயிறு முட்ட இட்லி தின்றது என் தப்புத்தான். சகோதரிகளே, மலை ஏறும் நாளில் அரை வயிறு சாப்பிடுங்கள். முன் ஸீட்டில் உட்கார்ந்து தூரத்தையே பாருங்கள். துண்டு இஞ்சியை வாயில் அடக்கிக்கொண்டால் தேவலை.

2013 முதல் அந்தக் காடு புலிகள் காப்பகம். "ஆனை வந்தா என்ன கண்ணு பண்ணுவே?" என்றேன். "டிரைவர் வண்டியை நிறுத்துவாரும்மா" என்றாள் சாவதானமாக.

கர்நாடக எல்லை அல்லவா, கன்னடம் பேசுகிறவர்கள் நிறைய. "ஊட்டா ஆயிதா?" என்று ஒரு வாண்டு கேட்க, இவள் திருதிருவென்று விழித்தாள். சாப்பாடு ஆச்சா என்று அர்த்தமாம்! அன்று ராத்திரியே பக்கத்து வீட்டம்மாளிடம் நோட்டும் பேனாவுமாக உட்கார்ந்து நாற்பது வார்த்தை எழுதிக்கொண்டாள். அந்தம்மா ராகிக் களி கிண்டிப் போட்டார். வீட்டில் களி என்றாலே முகம் சுளிப்பவள் இரண்டு உருண்டை தின்றாள்.

மூன்றாம் நாள் நான் மட்டும் திரும்பினேன். போன வாரம் போன் பண்ணினாள். இன்னொரு ஸ்வெட்டர் வேணுமாம், நார்த்தங்காய் ஊறுகாயும்.