துவர்க்கும் முந்திரிகை மது

அறுசுவையுள் துவர்ப்பையும் ஒன்றாக எண்ணியவர் நம் முன்னோர். வெள்ளை முந்திரிகை மது வடிக்கும் மேனாட்டாரோ அச்சுவையை அதனுள் நுழைய விடுவதில்லை. பழத்தைப் பிழிந்தவுடனே தோலை அகற்றிவிடுவர். ஆதலின், கொக்கேசிய மலையடியிலுள்ள ஜோர்ஜியாவின் காகேதிப் பகுதியில், தோலோடு ஊறிப் பின் போத்தலிற் பத்தாண்டு முதிர்ந்த 'கிசி' மதுவைச் சுவைத்தபோது என் நா சற்றே திகைத்தது.

வெள்ளைப் பழத்து மதுவாயினும் அதன் நிறம் வெள்ளையன்று. பால் கலவாத தேயிலைச் சாயத்தின் நிறம். உலர்ந்த அப்பிரிக்கொட், வெயிலிற் காய்ந்த தோடம்பழத் தோல் ஆகியவற்றின் மணம். இனிக்குமென்று நம்பி வாயில் வைத்தால் இனிப்பேயில்லை. குளிரூட்டித் தந்த முதற் கிண்ணத்தில் ஈறுகளைப் பற்றும் துவர்ப்பொன்றே தெரிந்தது. குளிர் நீங்கிய பின்னரே மணம் விரிந்தது. துவர்ப்பும் முரடு தணிந்து, விழுங்கிய பின்னும் நெடுநேரம் நின்றது.

இம்மது பிறப்பது 'குவெவ்ரி' என்னும் பெருஞ்சாடியில். கழுத்துவரை மண்ணிற் புதைத்து, உள்ளே தேன்மெழுகு பூசிய சாடி அது. சாறு, தோல், விதை, காம்பு யாவும் ஒருங்கே இடப்படும். நொதிக்கும் நாட்களில் மேலெழும் தோலைக் கோலால் அமுக்குவர். பின் வாயை மூடி ஐந்தாறு மாதம் விட்டுவிடுவர். சாடியின் அடி கூம்பியிருப்பதிலேதான் நுட்பமெல்லாம். விதைகள் முதலில் அடியிற் சென்று தங்க, தோல்கள் அவற்றை மூடிக்கொள்வதால் விதையின் கசப்பு மதுவில் மிகுவதில்லை. வண்டல் தானே படிய மது தானே தெளிகிறது. தெளிந்த மதுவைத் 'தேறல்' என்ற தமிழருக்கு இதனை விளக்கவும் வேண்டுமோ?

ஜோர்ஜியாவிற் கண்ட மட்கல ஓடுகளில் ஏறத்தாழ கி.மு. 6000 ஆண்டளவிலான முந்திரிகை மதுவின் எச்சம் இருந்ததை ஆய்வாளர் 2017இல் அறிவித்தனர். 2013இலேயே இச்சாடி முறையை யுனெஸ்கோ மரபுரிமைப் பட்டியலிற் சேர்த்திருந்தது. முறைக்கு இத்தனை புகழ். பழத்துக்கோ அது வாய்க்கவில்லை. ஐந்நூறுக்கு மேற்பட்ட நாட்டு முந்திரிகை இனங்களைக் கொண்ட அந்நாட்டில், சோவியத் காலத் திட்டங்கள் விளைச்சல் மிகுந்த சிலவற்றையே நாடின. 'ர்காத்சிதெலி' எங்கும் பரவ, கிசி அருகி மறையும் நிலையை எய்திற்று. இந்த நூற்றாண்டிலேதான் அதனை மீண்டும் விரும்பி நடலாயினர். கொடி அழிந்திருந்தால் அதன் சுவையை எந்தச் சாடியும் தந்திராது.

உடனிருந்த ஐரோப்பிய நண்பர் ஒரு மிடறு அருந்தி, "வெள்ளை மதுவில் துவர்ப்பு ஒரு குறை" என்று கிண்ணத்தை ஒதுக்கினார். அன்று மாலை அவர் பாலின்றித் தேநீர் பருகி, அதன் துவர்ப்பைப் பாராட்டிக்கொண்டிருந்தார்.