பிரெய்ட்வுட் நகரின் தொடக்ககாலப் பொறுப்பாளர்கள்

பிரெய்ட்வுட் என்பது அமெரிக்காவின் இலினொய் மாநிலத்தில், சிகாகோவுக்குத் தென்மேற்கே அமைந்துள்ள ஒரு சிறிய நகரமாகும். 1860களில் இங்கு நிலக்கரி கண்டறியப்பட்டது. 1873இல் நகரத் தகுதி கிடைத்தது. சுரங்கங்கள் பெரிய நிறுவனங்களின் கையில் இருந்தன. ஆனால் வாக்காளர்களில் பெரும்பாலோர் சுரங்கத் தொழிலாளர்கள். இதனால் நகரப் பதவிகள் தொழிலாளர் பக்கம் சாய்ந்தன.

1874 கதவடைப்பு

கூலிக் குறைப்பை ஏற்க மறுத்த தொழிலாளர்களுக்கு எதிராக நிறுவனங்கள் சுரங்கங்களை மூடின. வெளியாட்களுக்குக் காவலாக, பிங்கர்டன் தனியார் துப்பறியும் நிறுவனத்தின் ஆயுதமேந்திய ஆட்கள் வரவழைக்கப்பட்டனர். மேயரும் மாவட்ட ஷெரிப்பும் தொழிலாளர்களையே சிறப்புக் காவலர்களாக நியமித்தனர். பிங்கர்டன் ஆட்களைத் துப்பாக்கிகளை ஒப்படைக்கச் சொன்னார்கள்.

டேனியல் மெக்லாக்லின்

ஸ்காட்லாந்தில் பிறந்த இவர், சிறுவயதிலேயே சுரங்க வேலைக்குச் சென்றவர். பிரெய்ட்வுட்டில் குடியேறித் தொழிற்சங்கத் தலைவரானார். 1877இல் மேயராகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். வேறு சில தொழிலாளர்கள் நகர்மன்ற உறுப்பினர்களாகவும் உள்ளூர் நீதிபதிகளாகவும் பணியாற்றினர். பின்னர் இவர் மாநிலச் சட்டமன்றத்திலும் இடம்பெற்றார்.

பதவியின் எல்லை

1877இல் மீண்டும் வேலைநிறுத்தம் நடந்தது. நிறுவனங்கள் தென் மாநிலங்களிலிருந்து கறுப்பினத் தொழிலாளர்களை அழைத்துவந்தன. வேலைநிறுத்தம் செய்தவர்கள் அவர்களை ஊரைவிட்டு விரட்டினர். ஆளுநர் ஷெல்பி கலம் மாநிலப் படையை அனுப்பினார். விரட்டப்பட்டவர்கள் படையின் பாதுகாப்பில் திரும்பினர். வேலைநிறுத்தம் தோற்றது. நகரின் காவல் மேயரின் கையில் இருந்தாலும், மாநிலப் படை ஆளுநரின் கையில் இருந்தது.

சிறுவனாக இவ்வூர்ச் சுரங்கத்தில் உழைத்த ஆன்டன் செர்மாக், 1931இல் சிகாகோவின் மேயரானார்.