விடை வேண்டாம், போதுமா என்று சொல்

கொப்பி ஒன்று 120 ரூபா. பேனை ஒன்று 50 ரூபா. ஒரு தாய் பிள்ளைக்குக் கொப்பியும் பேனையும் வாங்குகிறாள். எத்தனை கொப்பி வாங்கினாள்? இதற்கு இரண்டு தகவல்கள் தரப்படும். ஒன்று, மொத்தச் செலவு 760 ரூபா. இரண்டு, வாங்கிய பொருட்கள் எல்லாமாக 11. நீங்கள் கொப்பியை எண்ணிச் சொல்லத் தேவையில்லை. முதல் தகவல் மட்டும் போதுமா, இரண்டாவது மட்டும் போதுமா, இரண்டும் சேர்ந்தால்தான் முடியுமா, எதுவுமே போதாதா? அதைச் சொன்னால் சரி.

திருகோணமலை லிங்கநகரில் அக்கா வீட்டு விறாந்தையில் வைத்து இந்தக் கணக்கை என் மருமகளிடம் கொடுத்தேன். மூச்சு விடுவதற்குள் பதில் வந்தது. "இரண்டும் வேணும் மாமா. தெரியாக் கணியம் இரண்டு, அப்ப சமன்பாடும் இரண்டு."

பிழை. கொப்பியை அரையாகவோ பேனையைக் காலாகவோ யாரும் வாங்குவதில்லை. 760 ரூபாவுக்கு முழு எண்களில் ஒரே ஒரு வழிதான் உண்டு: மூன்று கொப்பி, எட்டுப் பேனை. வேறு எப்படிப் போட்டுப் பார்த்தாலும் காசு மிஞ்சும், அல்லது முட்டும். ஆகவே முதல் தகவல் மட்டுமே போதும். முப்பது வருடம் கணிதம் படிப்பித்தவன் நான். ஒருங்கமை சமன்பாட்டைக் கண்டதும் இரண்டைத் தேடு என்று வகுப்பு வகுப்பாகச் சொல்லிக் கொடுத்தவனும் நான்தான். பிள்ளையின் பிழையில் என் பங்கும் இருந்தது.

வணிக முகாமைத்துவப் பட்டப்பின் படிப்புக்கான ஜிமேட் பரீட்சையில் இந்த வகை வினாவுக்கென்றே ஓர் இடம் உண்டு. 1953 இல் அமெரிக்காவின் ஒன்பது வணிகக் கல்லூரிகள் கூடி, விண்ணப்பதாரரை ஒரே தராசில் நிறுத்துப் பார்க்க ஒரு பொதுப் பரீட்சை வேண்டும் என்று முடிவெடுத்தன. அடுத்த வருடமே அது நடந்தது. ஜிமேட் என்ற இன்றைய பெயர் 1976 இல் வந்தது. 1997 இலிருந்து கணினியில்தான் எழுதுகிறார்கள். நீங்கள் சரியாகச் செய்தால் அடுத்த வினா கடினமாகும், பிழைத்தால் இலேசாகும். ஆளுக்கு ஆள் வினாத்தாள் வேறு.

இங்கே கொழும்பில் 1986 இல் தொடங்கிய பட்டப்பின் முகாமைத்துவ நிறுவகம் முதல், எம்.பி.ஏ. நடத்தும் பல இடங்களுக்கும் தெரிவுப் பரீட்சையும் நேர்முகமும் உண்டு. அவற்றிலும் மொழி அறிவு, எண் அறிவு, தர்க்கம் என்று வினாக்களின் சாயல் இதே பக்கம்தான். கொழும்பானாலும் இலண்டனானாலும் தயாரிப்பு பெரும்பாலும் ஒன்றே. அதனால்தான் இதை விரிவாக எழுதுகிறேன்.

மருமகள் உயர்தரத்தில் வர்த்தகப் பிரிவு, தமிழ் மொழி மூலம். கணக்கீடு, வணிகக் கல்வி, பொருளியல். பட்டம் முடித்துத் திருகோணமலையில் ஒரு வங்கியில் வேலை. முதன்முதல் ஜிமேட் எழுதப் பார்த்தது 2022 இல். அந்த வருடம் நினைவிருக்கும். பரீட்சைக் கட்டணம் 275 அமெரிக்க டொலர். மார்ச் தொடக்கத்தில் டொலர் 200 ரூபா சொச்சம். கட்டணம் 55,000 ஐச் சற்றுத் தாண்டியது. மே மாதம் டொலர் 360 இல் நின்றபோது அதே கட்டணம் 99,000. மார்ச் கடைசியில் நாளுக்குப் பதின்மூன்று மணி நேர மின்வெட்டு. கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்துப் பாடசாலைகள் தவணைப் பரீட்சையையே தள்ளிப்போட்ட மாதம் அது. குப்பி விளக்கில் இருந்து படித்த தலைமுறை என்னுடையது. மடிகணினி இல்லாமல் படிக்கவே முடியாத பரீட்சைக்கு அந்த விளக்கால் என்ன பயன்? ஏப்ரலில் அவள் புத்தகத்தை மூடிவிட்டாள். நான் தடுக்கவில்லை.

மறுபடி திறந்தபோது பரீட்சையே மாறியிருந்தது. 2023 நவம்பரில் புதிய வடிவம் வந்தது, 2024 ஜனவரியோடு பழையது நின்றுபோனது. இப்போது மூன்று பகுதிகள், ஒவ்வொன்றும் 45 நிமிடம். கணிதத்தில் 21 வினா, மொழியில் 23, தரவுப் பகுதியில் 20. எந்தப் பகுதியை முதலில் எழுதுவது என்பது உங்கள் விருப்பம். ஒவ்வொரு பகுதி முடிவிலும் நேரம் மிஞ்சினால் மூன்று விடைகள் வரை மாற்றலாம். பழைய வடிவத்தில் அந்தச் சலுகை இல்லை. மொத்தப் புள்ளி 205 இலிருந்து 805 வரை. பழைய 700 இருந்த இடத்தில் இப்போது 645 இருக்கிறது. இது தெரியாமல் மனமுடைந்த பிள்ளைகளைக் கண்டிருக்கிறேன்.

நீக்கப்பட்டவற்றில் இரண்டு நம் பிள்ளைகளை நேராகத் தொடுகின்றன. ஆங்கில வாக்கியப் பிழை திருத்தும் வினாக்கள் போய்விட்டன. காதால் கேட்டு வளராத மொழியில் எது நயமான வாக்கியம் என்று தேர்வது எங்களுக்கு எப்போதுமே பாரமாக இருந்தது. அது இறங்கியது பெரிய ஆறுதல். கேத்திரகணிதமும் போய்விட்டது. தேற்றம் நிறுவுவதில் எங்கள் பாடசாலைப் பிள்ளைகள் கெட்டிக்காரர், அந்தப் பலம் இனி அங்கே செல்லாது. ஆனால் 2024 இன் தொடக்கத்தில் அவள் காசு கட்டிச் சேர்ந்த ஓர் இணையவழி வகுப்பு, நீக்கப்பட்ட பகுதியையே ஆறு வாரம் படிப்பித்தது. பரீட்சை நடத்துபவர்களே இரண்டு முழு மாதிரிப் பரீட்சைகளை இலவசமாகத் தருகிறார்கள். எந்த வகுப்புக்கும் காசு கட்டுமுன் அதில் ஒன்றை எழுதிப் பாருங்கள். எது இருக்கிறது, எது இல்லை என்று அதுவே காட்டும்.

இனி மொழிக்கு வருவோம். மொழிப் பகுதியில் ஒரு வினாவுக்கு இரண்டு நிமிடம்கூட இல்லை. ஆங்கிலத்தில் வாசித்து, மனத்துக்குள் தமிழாக்கி, யோசித்து, விடையைத் தேட அந்த நேரம் காணாது. மருமகளுக்கு அறிவில் குறைவில்லை, அந்த மொழிபெயர்ப்பில்தான் நேரம் போனது. நாங்கள் கண்டுபிடித்த மருந்து மத்திய வங்கியின் ஆண்டறிக்கை. அது மூன்று மொழியிலும் வெளிவந்தது. ஒவ்வொரு காலையும் வேலைக்குப் போகுமுன் ஆங்கிலத்தில் இரண்டு பக்கம் வாசித்து, ஒவ்வொரு பந்தியும் என்ன சொல்கிறது என்று ஒரே வரியில் தமிழில் எழுதுவாள். பிறகு தமிழ் அறிக்கையின் அதே பந்தியைத் திறந்து ஒப்பிடுவாள். பொருளியல் படித்த பிள்ளை என்பதால் விஷயம் புதிதல்ல. எங்கே சறுக்கினாள் என்றால் 'அன்லெஸ்' என்ற சொல்லில், 'ஒன்லி' வாக்கியத்தில் நிற்கும் இடத்தில், 'அட் லீஸ்ட்', 'அட் மோஸ்ட்' இரண்டுக்கும் இடையில். அருஞ்சொற்களை மனப்பாடம் செய்து களைத்தவர்களுக்குச் சொல்கிறேன்: ஆளை விழுத்துவது இந்தச் சின்னச் சொற்கள்தான். மூன்றாம் மாதம் தமிழ் அறிக்கையைத் திறப்பதை அவளே விட்டுவிட்டாள்.

தர்க்க வினாவுக்குத் திருகோணமலையே பாடப்புத்தகம். நிலாவெளிப் பக்கம் ஹோட்டல்கள் கூடின, மீன் விலையும் ஏறியது, ஆகவே விலையை ஏற்றியது ஹோட்டல்காரர் என்று ஒருவர் சந்தையில் சொல்கிறார். இந்த வாதத்தைப் பலவீனப்படுத்துவது எது? மருமகள் உடனே சொன்னாள்: "2022 ஆவணியில மண்ணெண்ணெய் 87 ரூபாவில இருந்து 340 ஆனதே மாமா." வெளியிணைப்பு இயந்திரப் படகு எதில் ஓடுகிறது என்று தெரிந்த ஊரில் பிறந்தவளுக்கு அந்த வினா எப்படிக் கடினமாகும்? அயலவர் பேச்சில் ஒளிந்திருக்கும் ஓட்டையைப் பிடிக்கத் தெரிந்தவர், வணிகக் கல்லூரி கேட்கும் ஓட்டையையும் பிடிப்பார்.

இன்னொன்றும் சொல்ல வேண்டும். ஐந்தாம் ஆண்டுப் புலமைப்பரிசில் பரீட்சையில் நுண்ணறிவு வினாக்களுக்கென்றே ஒரு பத்திரம் உண்டு. பத்து வயதில் இந்த நாட்டுப் பிள்ளை கோலங்களைத் தொடர்ந்து, தகவலைப் பிரித்து, காரணம் தேடிப் பழகுகிறது. பிறகு சாதாரண தரம், உயர்தரம் என்று எட்டு வருடம் முழு விடையும் படிமுறையோடு எழுது என்று பழக்குகிறோம். பத்து வயதில் இருந்த அந்தக் கூர்மையை இருபத்தாறு வயதில் காசு கொடுத்துத் தேட வேண்டியிருக்கிறது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு மனம் நோகும்.

அவளுடைய பிழைக் கொப்பி என் முன்னால் இருக்கிறது. 80 பக்கக் கொப்பி, கரையில் தேநீர்க் கறை. வினாவை அவள் எழுதி வைக்கவில்லை. இடப்பக்கம் தான் தெரிவுசெய்த பிழை விடை ஏன் அந்த நேரம் சரியாகத் தோன்றியது என்பது, வலப்பக்கம் எந்தச் சொல்லைப் பார்த்திருந்தால் தப்பியிருப்பாள் என்பது. "விடை வந்தது எண்ட சந்தோசத்தில கேள்வியைத் திருப்பி வாசிக்கேல்லை" என்ற வரி மட்டும் பதினேழு தடவை வருகிறது. கடைசிப் பத்துப் பக்கங்களில் அது இல்லை.

பதிவு செய்யும்போது ஒரு கவனம் வேண்டும். தகப்பன் பெயர் முன்னால், சொந்தப் பெயர் பின்னால் என்று எழுதும் வழக்கம் எங்களுடையது. கடவுச்சீட்டில் குடும்பப் பெயர், ஏனைய பெயர் என்று எப்படிப் பிரித்திருக்கிறதோ எழுத்து மாறாமல் அப்படியே பதிய வேண்டும். ஒத்துப்போகாவிட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள். கட்டிய காசும் போகும். அவள் முதலில் மாற்றித்தான் பதிந்திருந்தாள். இரண்டு வாரம் மின்னஞ்சல் எழுதித் திருத்தினோம். வீட்டிலிருந்தே எழுதும் வசதி 2020 இலிருந்து உண்டு. கச்சான் காற்றில் மாமரக் கிளை கம்பியில் முட்டினால் மின்சாரம் போகும் தெருவில் அந்தத் துணிவு எங்களுக்கு வரவில்லை. அவள் கொழும்புக்கே போனாள். இரவு பஸ்ஸில் போய் அதே காலையில் எழுதுவதென்றிருந்தவளை மறித்து, ஒரு நாள் முன்னதாக அனுப்பினேன். உறங்காத கண்ணுக்கு 'அன்லெஸ்' தெரியாது.

பரீட்சை முடிந்ததும் மொத்தப் புள்ளி திரையில் வந்துவிடும். வெளியே வந்து அழைத்தாள். புள்ளியைச் சொன்னாள், அது அவளுடையது, இங்கே எழுதவில்லை. விண்ணப்பிக்கப் போகும் இரண்டு இடங்களுக்கும் போதும் என்றாள். என்னென்ன கேள்வி வந்தது என்று ஆசிரியனுக்குரிய ஆவலில் கேட்டேன்.

"சொல்லக் கூடாது மாமா, ஒப்பம் வைச்சிருக்கிறன். ஓரிடத்தில கொப்பியும் பேனையும் ஞாபகம் வந்தது. அதை மட்டும் சொல்லுவன்."