பழைய கணினியைத் தூக்கி வீச முன்

பழைய மடிக்கணினியில் புதிய லினக்ஸைப் போட்டால் சிலவேளை அது தொடங்கவே மறுக்கும். பழுதென்று மூலையில் வைத்துவிடுகிறோம். பல தடவைகளில் கணினியில் பழுதே இல்லை. இயங்குதளத்தின் மையமான கேர்னல், அந்தச் செயலிக்கு ஏற்ப அமைக்கப்படாததே காரணம்.

1991 இல் லினஸ் டோர்வால்ட்ஸ் இன்டெல் 386 செயலியுள்ள கணினியில்தான் லினக்ஸை எழுதினார். அதே 386 க்கான ஆதரவை நீக்க 2012 டிசெம்பரில் முடிவானது. அவ்வாண்டு வந்த உபுண்டு 12.10, பிஏஈ வசதியுள்ள 32 பிட் செயலிகளை மட்டுமே ஏற்றது. 4 ஜிகாபைட்டுக்கு மேற்பட்ட நினைவகத்தைக் கையாளவே இவ்வசதி. ஆரம்பகால பென்டியம் எம் செயலிகள் சிலவற்றில் இது இருந்தும், இருப்பதாகச் செயலி அறிவிப்பதில்லை. தொடக்கக் கட்டளை வரியில் 'ஃபோர்ஸ்பிஏஈ' எனச் சேர்த்தால் அவை பெரும்பாலும் இயங்கும்.

2025 ஓகஸ்டில் வந்த டெபியன் 13, 32 பிட் கணினிகளுக்குக் கேர்னல் வழங்குவதையே நிறுத்தியது. எனவே நாமே அமைக்கத் தெரிந்திருப்பது நல்லது.

கணினியில் ஏற்கெனவே ஓடும் பழைய லினக்ஸில் 'எல்எஸ்சிபியு' கட்டளையால் செயலியின் பெயரை அறியுங்கள். பின்னர் கேர்னல் மூலநிரலில் 'மேக் மெனுகொன்பிக்' கொடுத்து, உரிய செயலிக் குடும்பத்தைத் தெரிவுசெய்யுங்கள். நினைவகம் குறைவென்றால் பிஏஈ தேவையில்லை, அணைத்துவிடலாம். சந்தேகமிருந்தால் பழைய குடும்பத்தையே தெரிவுசெய்யுங்கள்: வேகம் சற்றுக் குறையலாம், ஆனால் ஓடும். புதியதைத் தெரிவுசெய்தால் தொடங்காமலே போகலாம்.

முன்னைய கேர்னலை மட்டும் அழித்துவிடாதீர்கள். பிழைத்தால் திரும்பிவர அதுவே வழி.